மடித்துக் கட்டிய அலை

ரிச்சி தெருவில் மூன்றாம் மாடிக் கடை.
ஜெர்மானியம் டையோடு வேண்டும் என்றால்
"எந்த ரேடியோவுக்கு?" என்கிறார்.
ரேடியோ இல்லை, கிதாருக்கு.
மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னை ஒருமுறை பார்த்தார்,
டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டினார்,
"பொறுக்கிக்கோம்மா."
அரிசியில் கல் பார்ப்பதுபோல் குனிந்து நின்றேன்.
ஒரே குணமுள்ள இரண்டு வேண்டும்.
முப்பத்தொன்றை மீட்டரில் வைத்த பிறகு
ஒரு ஜோடி கிடைத்தது.
எட்டு ரூபாய்.

பற்றவைத்தது தமீம்.
கூடு, பள்ளிக்கு நான் கொண்டுபோன டிபன் டப்பா.
எவர்சில்வரில் துளைபோட இரண்டு பிட் உடைந்தது.
ஈயப்புகை அடங்கியபின் முகர்ந்தால்
உள்ளே இன்னும் எலுமிச்சை சாதம்.

பகலில் எனக்கு வேறு வேலை.
புரசைவாக்கத்தில் காது சோதிக்கும் அறை,
கம்பளம் ஒட்டிய நாலு சுவர்.
சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்பேன்.
இன்று வந்தவர் தனகோட்டி,
அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருடம் பிரஸ் ஓட்டியவர்.
ஐந்நூறில் தூக்கினார். ஆயிரத்தில் தூக்கினார்.
இரண்டாயிரத்தில் கொஞ்சம் யோசித்துத் தூக்கினார்.
நாலாயிரத்தில் நான் கூட்டினேன், கூட்டினேன்,
ஹெட்போனைத் தாண்டிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
எனக்கே கேட்கும்வரை கூட்டினேன்.
பொறுமையாகச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தவர்
கடைசியில் கேட்டார்:
"இன்னும் ஆரம்பிக்கலையா மேடம்?"

ராத்திரி, புளியந்தோப்பு, மாடி அறை.
டப்பா செய்வது இவ்வளவுதான்:
அலையின் கீழ்ப்பாதியைப் பிடித்து
மேலே மடிக்கிறது.
கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது
லுங்கியை மடித்துக் கட்டுவோமே, அப்படி.
பள்ளம் இருந்த இடமெல்லாம் மேடு.
ஒன்று போன வழியில் இரண்டு.
ஒரு ஸ்தாயி ஏறிவிட்டது, ஆனால் ஏறிய விதம் சரியில்லை,
படியில் ஏறாமல் சுவரைப் பிறாண்டி ஏறியது.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்குக் கீழே அது மதிக்காது.
மேலே போய், டோனை முழுக்க அடைத்து,
ஒற்றைத் தந்தியைத் தொட்டால்
நாதஸ்வரத்துக்கு ஜுரம் கண்டதுபோல் ஒரு குரல்.
இரண்டு தந்தியைச் சேர்த்துத் தொட்டால்
மூன்றாவதாக ஒன்று வருகிறது,
நான் வாசிக்காதது.
ஒரு தந்தியை மேலே இழுக்கிறேன்,
அது கீழே இறங்குகிறது.
இன்னும் இழுக்கிறேன், இன்னும் இறங்குகிறது,
தரைக்குள், பைப்புக்குள், எங்கேயோ.
தமீம் பேட்டரியைக் கழற்றி
செத்துக்கொண்டிருக்கும் பழையதைப் போட்டான்.
குரல் திக்கியது, தும்மியது,
தேயும் முனையில் காற்றாகக் கிழிந்தது.
"இதுதான்," என்றான். "இதைத் தொடாதே."

கதவு தட்டப்பட்டது.
கீழ்வீட்டு ஞானமுத்து, மின்வாரிய லைன்மேன்,
சட்டையில்லாமல், கையில் டெஸ்டருடன்.
டப்பாவை, என் விரலை, ஆம்ப்பை வரிசையாகப் பார்த்தார்.
"இதா? நான் டிரான்ஸ்பார்மர்னு ஓடி வந்தேன்.
போன மாசம் பீடர் வெடிக்கறதுக்கு முன்னாடி
இதே மாதிரிதான் அழுதுச்சு."
எங்களுக்கு இதுவரை வந்த விமர்சனங்களில்
இதுதான் நல்லது.
இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லி
கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

வாசித்தேன்.
ஆறாவது நிமிடமோ ஏழாவதோ
தெரு முழுக்கக் கரண்ட் போனது.
"நான் பண்ணலை," என்றேன் இருட்டில்.
ஞானமுத்துவின் போன் அடிக்கத் தொடங்கியது,
திட்டிக்கொண்டே படியிறங்கினார்.

டப்பாவின் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது.
அதற்கு ஒன்பது வோல்ட் போதும், அதிலும் பாதிதான் மிச்சம்.
தந்தி இன்னும் அதிர்வது விரலுக்குத் தெரிகிறது,
அறைக்குத் தெரியவில்லை.
வாசிக்கும்போது காதில் பஞ்சு வைப்பவள் நான்,
ஊருக்கு உபதேசம் செய்பவள்.
இன்று ஒரு காதில் எடுத்துவிட்டிருந்தேன்.
அந்தக் காதில் மெல்லிய, நேரான ஒரு கோடு
நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.
எத்தனையில் என்று எனக்குத் தெரியும்.
தமீமிடம் சொல்லவில்லை.